தழும்பு இல்லாத கால்

பணி ஓய்வு பெற்ற அன்று பொன்னாடை போர்த்திவிட்டு, எங்கள் ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண்கள் இருவர் எனக்கு ஒரு சந்தோஷச் செய்தி சொன்னார்கள். அரசுக் காப்பீட்டு அட்டையோடு வருகிறவரின் முகத்தை இனி கேமரா பார்த்துச் சரிபார்க்குமாம். ஆள் மாறி வருவது என்ற பேச்சுக்கே இடமிருக்காதாம். "நீங்க பட்ட தலைவலி இனிமே எங்களுக்கு இல்ல மேடம்" என்றாள் ஒருத்தி. நானும் சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்தச் சிரிப்பு எனக்கே பிடிக்கவில்லை. அவர்கள் நினைக்கிற தலைவலி வேறு, நான் பட்டது வேறு. அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

முதலில் என் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். பிசிஷியன் அசிஸ்டென்ட் என்றால் டாக்டரா, நர்ஸா, கம்பவுண்டரா என்று என் சொந்த அத்தையே கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்றும் இல்லை. நோயாளியிடம் முதலில் உட்கார்ந்து, என்ன செய்கிறது, எப்போதிருந்து செய்கிறது, முன்னால் என்ன வந்தது, எந்த மருந்து சேராது என்று எல்லாவற்றையும் கேட்டு எழுதுவது நான். உடம்பைத் தொட்டுப் பார்த்து டாக்டரிடம் சொல்வது நான். ஆபரேஷனில் அவருக்கு எதிரே நின்று கை கொடுப்பதும் நான். முடிவு டாக்டருடையது. அந்த முடிவுக்கு வேண்டிய சேதியைத் தப்பில்லாமல் கொண்டு போய்ச் சேர்ப்பது என் பொறுப்பு.

நான் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. அப்பா கோயில் மடப்பள்ளியில் இருந்தார். என்னை டீச்சராக்க வேண்டும் என்பது அவர் ஆசை. தமிழ்நாட்டிலேயே அப்போதுதான் தொடங்கியிருந்த இந்தப் படிப்பில், பெயர்கூடச் சரியாகச் சொல்ல வராத நிலையில், சென்னைக்குப் போய்ச் சேர்ந்தேன். இருதய ஆஸ்பத்திரி ஒன்றில் வருடக்கணக்கில் திட்டு வாங்கி, நின்று நின்று காலில் நீர் கோத்து, ஊரும் உறவும் மறந்து தொழில் கற்றேன். அம்மாவுக்கு முடியாமல் போனதும் திரும்பி வந்து ராஜபாளையத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். காலையில் பஸ், மாலையில் பஸ். ஓய்வு பெறும் வரை அதுதான் என் வாழ்க்கை.

ஆஸ்பத்திரி பெரிய டாக்டருடையது. அவரை எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். வயிற்று அறுவை சிகிச்சையில் கை ராசிக்காரர் என்று ஊரில் பேர். ஆள் பார்க்கச் சாது. கோபம் வந்தால் சத்தம் போட மாட்டார். "வாங்க, போங்க" என்று மரியாதை கூடும். ஆபரேஷன் தியேட்டர் பையனைப் பார்த்து "சொல்லுங்க சார்" என்று விட்டாரென்றால் அன்றைக்கு அவன் தொலைந்தான். தியேட்டருக்கு வெளியே குழாயடியில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கை கழுவும்போது அவரிடம் யாரும் பேசக் கூடாது. அந்த நேரத்தில் அவர் ஆபரேஷனை மனதுக்குள் ஒரு தடவை செய்து பார்த்துக்கொண்டிருப்பார். உள்ளே போனதும், மயக்கம் கொடுப்பதற்கு முன்னால், நோயாளியிடம் அவரே கேட்பார்: உங்க பேரு என்ன, எந்த ஊரு, எந்தப் பக்கம் ஆபரேஷன். ஒரே வார்டில் இரண்டு மாரியப்பன்கள் படுத்திருக்கும் ஊரில் இது வீண் வேலை இல்லை. அவர் வாயால் கேட்டு, நோயாளி வாயால் பதில் வந்த பிறகுதான் கத்தியைத் தொடுவார்.

காப்பீட்டுத் திட்டத்தில் சேர வேண்டாம் என்று அவருக்குப் புத்தி சொன்னவர்கள் நிறையப் பேர். எழுத்து வேலை அதிகம், கேள்வி அதிகம், தலையில் கட்டிக்கொள்ளாதே என்றார்கள். அவர் சேர்ந்தார். எனக்கு அன்று ஏற்பட்ட சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். அதற்கு முன்பெல்லாம் தேவதானத்திலிருந்தும் மகாராஜபுரத்திலிருந்தும் வருகிறவர்கள் ஆபரேஷன் செலவைக் கேட்டதும், "யோசிச்சிட்டு வாரோம்மா" என்று எழுந்து போவார்கள். அவர்கள் திரும்பி வர மாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். அட்டை வந்த பிறகு அவர்கள் வந்தார்கள், படுத்தார்கள், பிழைத்து வீட்டுக்குப் போனார்கள்.

அட்டைக்கென்று ஒரு மேசை போட்டோம். செல்வம் என்பவர் அதில் இருந்தார். அட்டையை வாங்கி, எண்ணைக் கம்ப்யூட்டரில் பார்த்து, நோயாளியைப் படம் எடுத்து அனுப்பி, அனுமதி வாங்குவது அவர் வேலை. அவசர கேஸ் என்றால் போனிலேயே பேசி வாங்கிவிடுவார். கெட்டிக்காரர். இன்று அந்த மேசை உள்ளே தள்ளி, என் அறையைத் தாண்டிப் போய்விட்டது. அன்று வாசலிலேயே இருந்தது. அட்டை சரி என்று அவர் தலையாட்டிய பிறகுதான் நோயாளி என்னிடம் வருவார்.

அப்படி ஒரு மத்தியானம் வந்தவர்தான் தேவதானத்துக்காரர். ஐம்பது வயது இருக்கும், வயல் வேலை செய்த உடம்பு. குடலிறக்கம். அடிவயிற்றின் வலது ஓரத்தில் குடல் சரிந்து புடைத்திருந்தது. வருடக்கணக்காக அதைக் கையால் உள்ளே தள்ளிவிட்டுக்கொண்டே வேலை செய்திருக்கிறார். அன்று காலையில் வெளியே வந்தது உள்ளே போகவில்லை. இறுகிச் சிக்கிக்கொண்டது. வாந்தி நிற்கவில்லை. புடைப்பைத் தொட்டாலே துடித்தார். சிக்கிய குடலுக்கு ரத்தம் போகாமல் அது அழுகத் தொடங்கினால் ஆளைக் காப்பாற்றுவது கஷ்டம். பெரிய டாக்டர் வந்து ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். "உடனே தியேட்டர்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அட்டையில் பெயர் பாலமுருகன். கூட வந்தவள் ஒல்லியான பெண், நெற்றியில் வியர்வையோடு குங்குமம் வழிந்திருந்தது.

"நீங்க இவருக்கு என்ன வேணும்?"

"சம்சாரம்."

"இவரு பேரு சொல்லுங்க."

"பாலமுருகன்."

பட்டென்று சொன்னாள். அந்தப் பக்கத்தில் அந்த வயதுப் பெண்கள் புருஷன் பெயரைக் கேட்டால் செத்த நேரம் நெளிவார்கள். அட்டையை நீட்டுவார்கள், இல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பவரைச் சொல்லச் சொல்வார்கள். இவள் பக்கத்து வீட்டுப் பிள்ளை பெயரைச் சொல்வதுபோல் சொன்னாள். காலம் மாறிவிட்டது, நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

பாலமுருகன் இரண்டு வருடத்துக்கு முன்பு கால் முறிந்து எங்களிடமே படுத்திருந்தார் என்று செல்வம் பழைய கோப்பை எடுத்துக் கொடுத்தார். வலது முழங்காலுக்குக் கீழே கம்பி வைத்திருந்தது. சர்க்கரை இல்லை, இரைப்பு இல்லை, எந்த மருந்தும் சேராமல் போனதில்லை. நான் ஒவ்வொன்றாகத் திரும்பக் கேட்டேன். அவரும் அவளும் மாறி மாறிப் பதில் சொன்னார்கள். எல்லாம் கோப்பில் இருந்தபடியே இருந்தது.

"எந்த ஊசி மருந்தாவது ஒத்துக்காம போயிருக்கா?"

அவர் அவளைப் பார்த்தார். அவள், "அதெல்லாம் இல்லிங்க டாக்டரம்மா. போன தடவை இங்கனதான எல்லா ஊசியும் போட்டீய" என்றாள்.

பழைய கோப்பில் இருந்த அதே கிருமிக்கொல்லி ஊசியையே டாக்டர் எழுதினார். சாதாரணமாக அந்த ஊசிக்கு முன்னால் தோலில் துளி மருந்து ஏற்றி, சேர்கிறதா என்று பார்ப்போம். நாள் கணக்கில் அதே மருந்தைப் போட்டு ஒன்றும் ஆகாதவருக்கு, அதுவும் இந்த அவசரத்தில், அது தேவைப்படவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மயக்க மருந்து டாக்டரும் வந்து சேர்ந்தார். அனுமதி வந்துவிட்டது என்று செல்வம் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

தியேட்டருக்குப் பக்கத்து அறையில் உடை மாற்றிப் படுக்க வைத்திருந்தோம். எந்தப் பக்கம் ஆபரேஷனோ அந்தப் பக்கம் தோலில் பேனாவால் அம்புக்குறி போடுவது என் வேலை. துணியை விலக்கி வலது பக்கம் குறி போட்டேன். நிமிரும்போது கண் காலில் பட்டது. வலது கால். முழங்காலிலிருந்து கணுக்கால் வரை சேற்றில் வெடித்த தோல், பழைய சிரங்கின் கறுப்பு. தழும்பு இல்லை. இடது காலைப் பார்த்தேன். அதிலும் இல்லை.

கம்பி வைத்த காலில் தழும்பு இல்லாமல் போகாது. அந்தப் பக்கம் நர்ஸ் ஊசி மருந்தைக் கலக்கி, அவர் கையில் குத்தியிருந்த குழாயில் சிரிஞ்சை மாட்டிவிட்டாள்.

"போடாத! கையை எடு!"

அப்படி ஒரு சத்தம் என் தொண்டையில் இருக்கிறது என்று எனக்கே தெரியாது. நர்ஸ் சிரிஞ்சைக் கழற்றிப் பிடித்தபடி நின்றாள்.

"உங்க கால்ல கம்பி வச்சாங்களா?" என்று அவரிடம் கேட்டேன்.

"ஆமா... வலது கால்."

"தழும்பு எங்க?"

கண்ணை மூடிக்கொண்டார்.

"உங்க பேரு என்ன?"

"பாலமுருகன்" என்றார். வலியில் பல் நறநறத்தது. ஆனாலும் பேரை விடவில்லை.

வெளியே ஓடினேன். வராந்தாவில் அவள் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். "உள்ள படுத்திருக்கிறது யாரு?" என்றேன். "எம் மாப்பிள்ளதான்" என்றாள். அந்தப் பக்கம் புருஷனை அப்படித்தான் சொல்வார்கள், அது பொய்யில்லை. "அட்டை யாரோடது?" என்றதும் வாயை மூடிக்கொண்டாள்.

"இங்க பாரும்மா. அட்டையைப் பத்திப் பொறவு பேசிக்கலாம். உள்ள ஒரு ஊசி தயாரா இருக்கு. அது அவரு ஒடம்புக்குள்ள போகப்போகுது. அவருக்கு எந்த ஊசியாவது ஆகாம போயிருக்கா, அதை மட்டும் சொல்லு."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எலும்பு நோகும் பிடி.

"ஆயிருக்கு டாக்டரம்மா. சீவில்லிபுத்தூர்ல காய்ச்சலுக்கு ஒரு ஊசி போட்டாக. போட்ட கையோட மூஞ்சி வீங்கி, தொண்ட அடைச்சு, கண்ணு மேல சொருகிட்டு. பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடித்தான் உசிரு வந்துச்சு. இனிமே அந்த ஊசியப் போட்டா ஆளு தங்காதுன்னாக."

"என்ன ஊசி?"

"பேரு தெரியலயே. வெள்ளப் பொடி. தண்ணி ஊத்திக் குலுக்கிப் போடுவாகள்லா, அது."

நர்ஸ் கையில் இருந்ததும் அப்படிக் குலுக்கிக் கலந்த வெள்ளைப் பொடிதான். வேறு மருந்தாகவும் இருக்கலாம், அதே மருந்தாகவும் இருக்கலாம். போட்டுப் பார்த்தா தெரிந்துகொள்ள முடியும்?

அட்டை புருஷனின் தம்பியுடையது என்று அப்போதுதான் சொன்னாள். அந்தத் தம்பி பாலமுருகன் எதிரே டீக்கடையில் இருந்தார். எங்கள் நர்ஸுகள் அடையாளம் கண்டுவிடுவார்கள் என்று தலையில் துண்டைப் போட்டு முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தவரை மதினியே போய் இழுத்து வந்தாள். லேசாக நொண்டினார். மூக்கும் நெற்றியும் அண்ணனை உரித்து வைத்திருந்தது. செல்வம் படத்தில் ஏமாந்ததில் ஆச்சரியமில்லை.

"எங்க அண்ணன் வேற, நான் வேறயாம்மா?" என்றார். "அட்டைக்குப் படம் எடுக்க ஊருக்கு வந்தன்னைக்கு அண்ணன் கேரளாவுல வேலையில இருந்துச்சு. ஒரே குடும்பந்தான, ஒரு அட்டை போதும்னு விட்டுட்டோம். என்ன கேட்டாலும் எனக்கு எப்படியோ அப்படியே சொல்லணும்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

அதுதான் நடந்திருக்கிறது. பெயரை மட்டும் மாற்றிச் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு ஆபத்தில்லை. பிடிபடக் கூடாதே என்று வியாதியையும் தம்பியுடையதாகவே சொல்லியிருக்கிறார்கள். தம்பிக்குச் சேர்ந்த மருந்து அண்ணனுக்கும் சேரும் என்று எங்களை நம்ப வைத்துவிட்டார்கள்.

பெரிய டாக்டர் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். பேசக் கூடாத இடம். பேசினேன்.

"சார், உள்ள இருக்கிறது பாலமுருகன் இல்ல. அவரோட அண்ணன். அவருக்கு நம்ம ஊசி ஆகாம போகலாம். நிறுத்திட்டேன்."

"ஏமி?" என்றார். பதற்றம் வந்தால்தான் அவருக்கு வீட்டுத் தெலுங்கு வாயில் வரும். நான் முழுவதும் சொன்னேன். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

என் பின்னாலேயே வந்த செல்வம், "சார், அனுமதி வந்திருச்சு. மருந்தை மட்டும் மாத்திட்டு ஆபரேஷனை முடிச்சிருவோம்" என்றார். "வெளிய தெரிஞ்சா நம்மளத் திட்டத்துல இருந்தே தூக்கிருவாங்க. வார்டுல அட்டையோட படுத்திருக்கவங்க எங்க சார் போவாங்க?"

செல்வம் கெட்டவர் இல்லை. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. எனக்கும் அந்த ஆசை ஒரு கணம் வந்து போனது.

"செல்வம் சார்" என்றார் டாக்டர். மரியாதை கூடிவிட்டது. "நீங்க ஒண்ணு சொல்லுங்க. இந்த மனுஷன் மேசையிலயே போயிட்டார்னு வைங்க. யார் பேர்ல இறப்புச் சான்றிதழ் எழுதட்டும்? வெளிய நிக்கிற தம்பி பேர்லயா?"

முழங்கையால் குழாயை மூடினார்.

"அனுமதியை ரத்து பண்ணச் சொல்லி இப்பவே எழுதுங்க. நடந்ததை நடந்தபடி எழுதுங்க. வர்றதை நான் பார்த்துக்கறேன்." என் பக்கம் திரும்பினார். "நீங்க போய் எல்லாத்தையும் முதல்ல இருந்து கேளுங்க. சீக்கிரம்."

வராந்தாவில் நின்றபடியே இரண்டாம் முறை கேட்டேன். இந்தத் தடவை வந்த பதில்கள் வேறு. பீடி உண்டு. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். வயது தம்பியைவிட நாலைந்து கூட. மயக்க மருந்து டாக்டர் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார். முழு மயக்கம் வேண்டாம், முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கவைத்துச் செய்யலாம் என்றார். கிருமிக்கொல்லியும் வேறு வகைக்கு மாறியது. அதுவரை அந்த மனிதரின் குடல் சிக்கியபடியே இருந்தது.

தியேட்டர் விளக்கைப் போட்டார்கள். டாக்டர் அவர் தலைமாட்டில் போய் நின்று வழக்கம்போலக் கேட்டார்.

"உங்க பேரு என்ன?"

"பாலமுருகன்."

அத்தனைக்கும் பிறகு! அவருக்கு வெளியே நடந்தது ஒன்றும் தெரியாதல்லவா. டாக்டர் குனிந்தார்.

"ஐயா, உங்க தம்பி வெளிய நிக்கிறாரு. எல்லாம் சொல்லிட்டாரு. இங்க அட்டை கேக்கல. உங்களை யாரும் எறக்கிவிடப் போறதில்ல. உங்க பேரு என்ன?"

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

"கருப்பையா" என்றார். சொன்னதும் பெரிய மனிதர் குழந்தையைப் போல அழுதார்.

திறந்து பார்த்தபோது ஒரு சாண் நீளக் குடல் நாவல்பழ நிறத்தில் இருந்தது. இறுக்கத்தை விடுவித்து, வெதுவெதுப்பான உப்புநீரில் நனைத்த துணியால் அதைச் சுற்றி மூடிவிட்டுக் காத்திருந்தோம். உயிர் இருந்தால் நிறம் திரும்பும். இல்லாவிட்டால் வெட்டி எடுக்க வேண்டும். பீடி குடித்த நெஞ்சோடு அது நீண்ட ஆபரேஷன், தாங்குவாரா என்று தெரியாது. டாக்டர் துணியை விலக்கிப் பார்ப்பார், மூடுவார், மறுபடி உப்புநீர் கேட்பார். நான் எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். கடைசியில் ஓரத்திலிருந்து சிவப்பு மெல்லப் பரவியது. டாக்டர் விரலால் லேசாகத் தட்டினார். குடல் புழுப்போல நெளிந்தது. "சரே" என்று தெலுங்கில் சொன்னார், அவ்வளவுதான். நான் முகமூடிக்குள் அழுதேன்.

பிறகு விசாரணை வந்தது. காப்பீட்டு அலுவலகத்திலிருந்து ஒரு டாக்டர் வந்து எங்கள் எல்லோரையும் தனித்தனியாகக் கேட்டார். திட்டத்திலிருந்து எடுத்துவிடுவார்களோ என்று செல்வம் சோறு இறங்காமல் திரிந்தார். நாங்களே முதலில் எழுதியிருந்ததால் எச்சரிக்கையோடு விட்டார்கள். தம்பியின் அட்டையை நிறுத்தி வைத்து, பிற்பாடு திருப்பிக் கொடுத்தார்கள். இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், கருப்பையாவுக்கும் அட்டை பெறத் தகுதி இருந்தது. தம்பி மதினியைக் கூட்டிக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, விருதுநகர் கலெக்டர் ஆபீசுக்கு அலைந்து, தையல் பிரிப்பதற்குள் அவர் பெயரிலேயே அட்டை வாங்கி வந்துவிட்டார்.

கருப்பையா வீட்டுக்குப் போகும் நாள். அவர் வேட்டியை இறுக்கிக் கட்டக் கூடாது என்று நான் சொன்னதைத் தம்பியிடம் ஒப்பித்துக்கொண்டிருந்தார். அவள் கட்டிலடியில் உட்கார்ந்து தூக்குவாளியையும் துணிமணியையும் பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். அத்தனை நாளும் மனதில் வைத்திருந்ததை நான் கேட்டேவிட்டேன்.

"ஏம்மா, ஒரு பேச்சுக்குக் கேக்கேன். நான் காலைப் பாக்கலன்னு வை. அந்த ஊசி உள்ள போயிருக்கும். அப்பவும் வாயத் தொறந்திருக்க மாட்டியா? புருஷன் உசிரவிட அட்டை பெருசாப் போச்சா?"

திட்டத்தான் கேட்டேன். இரண்டு சொட்டுக் கண்ணீரும் ஒரு மன்னிப்பும் எதிர்பார்த்தேன் என்றுகூடச் சொல்லலாம். அவள் பையின் வாயைக் கட்டிவிட்டு நிமிர்ந்தாள். கோபமில்லை, அழுகையில்லை.

"இங்க வாசல்லயே மேசையப் போட்டு அட்டை இருக்கான்னுதான கேட்டாக, டாக்டரம்மா. என்ன செய்யிதுன்னு யாரும் கேக்கலயே. ஊசி போட்டா அவிய பொழைச்சாலும் பொழைப்பாக. அது வேற ஊசியாக்கூட இருக்கலாம்லா. அட்டை இல்லன்னு சொல்லியிருந்தா அந்த வாசல்லயே வேற ஊருக்குப் போன்னு அனுப்பியிருப்பீய. வழியிலயே செத்துப்போயிருப்பாக. ரெண்டுல எதுல உசிரு தங்கும்னு பாத்தேன். எனக்கு அம்புட்டுத்தான் தெரிஞ்சுது."

அப்படியெல்லாம் அனுப்பியிருக்க மாட்டோம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். செல்வத்தின் மேசை அங்கிருந்தே தெரிந்தது. அட்டை இல்லாத யாரோ ஒருவருக்கு அவர் மதுரை பெரியாஸ்பத்திரிக்குப் போகும் வழியைப் பணிவாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அனுப்பியிருப்போம்.